பன்னிரண்டாம் எண் பலகை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டேன். நவம்பர் கடைசி. அந்த மாதத்தில் ஓஹாயோ வானம் பகல் முழுக்க விடியாமலேயே கிடக்கும். டானர் மைதானத்தின் செங்கல் வாசலில் ஈரம் ஊறிய மரவாடையும், போன வாரம் யாரோ சிந்திய பீர் வாடையும் கலந்து அடித்தது.

கடைசி ஆட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வழக்கம்போல் தோற்றோம். நான் இருந்த விடுதி எப்போதோ போய், அங்கே கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பீட்சா கடை இருந்த மூலையில் செல்போன் விற்கிறார்கள். மிச்சமிருந்தது இந்த மைதானம்தான். இதையும் இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கப் போகிறார்களாம். வடக்குப் பக்கம் புது மைதானம் தயாராக நின்றது. பழைய மாணவர்கள் தாங்கள் உட்கார்ந்த பலகையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது.

வாசலில் பட்டியலோடு எர்ல் டோம்பெக் நின்றிருந்தான். எங்கள் அணியில் ஆடியவன், இன்றைக்கும் தோள் கதவு அகலம்.

"டேய் மெர்ல்! இன்னிக்காவது உன்ன ஆட எறக்குறாங்களா?"

நாற்பத்தேழு வருஷமாக அதே நக்கல். எங்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தை எறிகிறவன் ஒருவன்தான். அந்த இடம் ராய்ஸ் ஹாபருடையது. ராய்ஸுக்கு அடிபட்டால் நான் இறங்க வேண்டும். மூன்று வருஷம் கோட்டோரத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாவி, அவனுக்கு ஒரு நகம்கூடப் பெயரவில்லை.

"எத்தன பலகடா?"

"ரெண்டு. முப்பத்தோராவது வரிச. பன்னெண்டு, பதினாலு."

"நடுவுல பதிமூணு? ரோண்டா உக்காந்தது?"

"அவ எடம் அவளுக்கு வேணாமாம். பன்னெண்டுதான் வேணுமாம்."

எர்ல் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பட்டியலைப் பார்த்தான்.

"ராய்ஸோட எடம்," என்றான். "சரி, போ."

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நம்மவர் ஒருவர் இறந்தால் அடுத்த சீசன் முழுக்க அவர் இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது. அவருடைய தொப்பியை அதன்மேல் வைத்திருப்பார்கள். யாராவது வந்து கேட்டால் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் "ஆள் இருக்கு" என்று சொல்ல வேண்டும். சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் அதே ஆள் தொப்பியை எடுத்துக்கொண்டு, "இந்த இடம் காலி" என்று வாய்விட்டுச் சொல்வார். அதோடு முடிந்தது, போனவர் போய்விட்டார் என்று அர்த்தம்.

ராய்ஸ் எழுபத்தாறு டிசம்பரில் பனிச் சாலையில் கார் சறுக்கிச் செத்தான். பன்னிரண்டு அவன் குடும்பத்து இருக்கை. அவன் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால், தொப்பி அவனைக் கட்டிக்கொள்ளவிருந்த பெண்ணின் கைக்கு வந்தது. அந்தப் பெண் ரோண்டா. எழுபத்தொன்பதில் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அங்கேயும் நான் இரண்டாவதுதான்.

அந்தத் தொப்பியை அவள் எடுக்கவேயில்லை. ஒவ்வொரு வருஷமும் மூன்று டிக்கெட் வாங்குவாள். பன்னிரண்டில் தொப்பி, பதிமூன்றில் அவள், பதினாலில் நான். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மெர்ல்" என்பாள். மழை வந்தால் தன் ரப்பர் கோட்டில் பாதியை அந்தத் தொப்பிமேல் போர்த்துவாள். இந்தப் பக்கம் நான் நனைந்துகொண்டிருப்பேன். ஒரு தடவை பாப்கார்ன் பொட்டலத்தை மறந்துபோய்ப் பன்னிரண்டில் வைத்தேன். எடுத்து என் மடியில் வைத்தாள். செத்தவன்மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நாற்பத்தைந்து சீசன் வயிறெரிந்தேன்.

முப்பத்தோராவது வரிசைக்கு ஏறினேன். நீளப் பலகைகளை இருக்கைக்கு ஒன்றாக ஏற்கெனவே அறுத்து வைத்திருந்தார்கள். நான்கு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஒவ்வொன்றிலும் பித்தளையில் எண் தகடு, அதற்கு இரண்டு திருகாணி. முதலில் என் பதினாலைக் கழற்றினேன். அடியில் எம்.கே. என்று கல்யாணமான வருஷம் பேனாக்கத்தியால் நான் செதுக்கிய என் பெயரெழுத்து அப்படியே இருந்தது. பலகை பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது.

பிறகு பன்னிரண்டு.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

இப்போதுதான் யாரோ எழுந்து போன பலகை மாதிரி. மூக்கில் தைல வாடை ஏறியது. ராய்ஸ் ஆட்டத்துக்கு முன்னால் வலது தோளில் ஒரு தைலம் தேய்ப்பான். உடை மாற்றும் அறையே நாறும். அந்த வாடையை எனக்குப் பக்கத்தில் வைத்து மூன்று வருஷம் சட்டை மாற்றியிருக்கிறேன்.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. ரோண்டா இதை மடியில் வைத்துத் தடவப் போகிறாள் என்று நினைத்தேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். இரண்டு தகட்டையும் கழற்றி மாற்றி வைத்துத் திருகினேன். என் பலகைக்குப் பன்னிரண்டு. அவன் பலகைக்குப் பதினாலு. தடவட்டும். என்னைத்தான் தடவுகிறாள் என்று தெரியாமலே தடவட்டும். அவனைக் காரேஜ் வாசலில் போட்டுச் சேற்று பூட்ஸைத் துடைத்துக்கொள்கிறேன்.

கடைசித் திருகாணி இறுகியபோது கீழ் வரிசையில் சத்தம் கேட்டது.

தம். தம். தம்.

ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் பலகையை மூன்று முறை மிதிப்போம். அதே சத்தம். எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு ஈ காக்கா இல்லை.

"டேய், மிதிக்காதடா!" எர்ல் வாசலிலிருந்து கத்தினான். "இடிக்கிறதுக்கு முன்னாடி நீயே விழவெச்சுடுவ!"

நான் மிதிக்கவே இல்லை. பலகைகளைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் ரோண்டா பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பித்தளைத் தகட்டைக் கட்டைவிரலால் துடைத்தாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ராய்ஸை ஏமாற்றிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் கொல்லையில் விறகு எரியும் வாடை வந்தது. நாங்கள் நெருப்புக் காயும் கல்வட்டத்தில் ரோண்டா தீ மூட்டியிருந்தாள். பக்கத்தில் பலகை. கையில் அந்தத் தொப்பி. நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்ட தொப்பி.

"மெர்ல், வா. நீயும் கூட இருக்கணும்."

"என்ன பண்றே?"

"மைதானமே போகப் போகுது. நானும் எத்தன நாளைக்குத்தான் அவனப் புடிச்சு வெச்சிருப்பேன்?" அவள் தொப்பியின் விளிம்பைத் தடவினாள். "உனக்கு நான் நெறய கஷ்டம் குடுத்துட்டேன்ப்பா. நீ வாயத் தொறந்து கேக்கல. ஆனா எனக்குத் தெரியும். இனிமே நம்ம ரெண்டு பேருதான்."

நாற்பத்து நாலு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. பலகையை அவள் தூக்கினாள். என் பலகை அது. ஒரு நிமிஷம் இரு, அது ராய்ஸோடது இல்ல, என்னோடது என்று சொன்னால் போதும். ஏன் மாற்றினாய் என்று கேட்பாள். செத்தவன் பலகையைக் கால்மிதியாக்க ஆசைப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவள் அவ்வளவு பெரிய மனதோடு நிற்கும்போது, நான் இவ்வளவு அற்பனாக எப்படி நிற்பது?

அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

தொப்பியைத் தீயில் வைத்தாள். பலகையை அதன்மேல் சாய்த்தாள்.

"இந்த இடம் காலி," என்றாள்.

தீ சட்டென்று பிடித்தது. பலகை வளைந்து புரண்டது. அடிப்பக்கம் மேலே வந்தது. எம்.கே. என்ற எழுத்து இரண்டும் சிவந்து, கறுத்து, உள்ளே விழுந்தன. ரோண்டா பார்க்கவில்லை. அவள் என் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

காரேஜிலிருந்து சத்தம் வந்தது.

தம். தம். தம்.

"என்ன அது?" என்றாள்.

"பைப்புல தண்ணி உறையுது," என்றேன்.

அடுத்த வாரமே பதினாலு எண் போட்ட அந்தப் பலகையைக் குப்பை வண்டிக்காக வெளியே வைத்தேன். கடைக்குப் போய்த் திரும்பினால் அது வரவேற்பறையில் இருந்தது. ரோண்டா அதை நன்றாகத் துடைத்து, இரண்டு செங்கல்மேல் நிறுத்தி, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் டி.வி.யைப் பார்த்தபடி போட்டிருந்தாள்.

"லூஸா நீ? உன் எடத்தப் போயி யாராவது குப்பைல போடுவாங்களா? அங்க அத்தன வருஷம் எம்பக்கத்துல உக்காந்தல்ல? இங்கயும் எம்பக்கத்துலயே இரு."

நான் அதில் உட்காரவில்லை. முதுகு வலிக்கிறது என்று சோபாவுக்குப் போய்விட்டேன்.

ஜனவரியில் ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம் வாசல் பனியை அள்ளிவிட்டு உள்ளே வந்தேன். விரல் மரத்திருந்தது. ரோண்டா கம்பளிப் போர்வையில் பாதியைத் தன் மடியிலும் பாதியைப் பலகையிலும் விரித்து வைத்திருந்தாள். பலகையைத் தட்டிக் காட்டினாள்.

"எழுந்து போயி அஞ்சு நிமிஷம்கூட ஆகல, அதுக்குள்ள உடம்பெல்லாம் பனியா? வா, உன் எடம் இன்னும் சூடாத்தான் இருக்கு."

"நான் எட்டு மணிலேருந்து வெளியதான் இருக்கேன் ரோண்டா."

அவள் சிரித்தாள். கேலி பண்ணாதே என்பது மாதிரி.

அறையில் தைல வாடை லேசாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் மூன்று மணிக்குப் போய், எர்ல் வீட்டில் சீட்டு ஆடிவிட்டு ஆறு மணிக்கு வந்தேன். சமையலறையில் ரோண்டா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு பீன்ஸ் கிளறினாள். கன்னத்தில் கல்லூரிப் பெண்ணின் சிவப்பு.

"நாலு மணி வாக்குல நீ சொன்னியே, எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு," என்றாள்.

"என்ன சொன்னேன்?"

"போ மெர்ல், மறுபடியும் சொல்லவெக்காத. இத்தன வருஷத்துல நீ இப்படியெல்லாம் பேசினதே இல்ல."

உண்மைதான். நான் பேசியதில்லை. வேறு எவனோ என் பெயரில், என் வீட்டில், என் பெண்டாட்டியிடம் பேசியிருக்கிறான். அவளும் எனக்கென்று நினைத்துக்கொண்டு அவனுக்குச் சிவந்திருக்கிறாள். எனக்கு முடி சிலிர்த்தது. அதைவிட அதிகமாக வயிறு எரிந்தது.

வசந்தம் வந்தபோது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் என் தட்டு பலகைப் பக்கம் வைக்கப்பட்டது. நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் ரோண்டாவின் பார்வை என்னைத் தேடி அரை நொடி தாமதித்து வந்தது. ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, எர்ல் தன் வீட்டில் சாசேஜ் சுட்டு, தலைக்கு இரண்டாக எல்லோருக்கும் எடுத்து வைத்தான். எனக்கு வரவில்லை. ரோண்டாவுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலி முன்னால் ஒரு தட்டு நிரம்பியிருந்தது.

"எனக்கு எங்கடா?"

எர்ல் என்னைப் பார்த்து விழித்தான். பிறகுதான் அடையாளம் வந்தது. "மெர்ல்! நீ எப்போ வந்தே? அப்ப அங்க..." என்று காலி நாற்காலியைப் பார்த்தான். அன்றைக்கு அவன் என்னை நக்கல் அடிக்கவில்லை. அந்த நக்கலுக்காக நான் ஏங்குவேன் என்று நினைத்ததே இல்லை.

காலி என்று சொல்லி அவள் எரித்தது என் பலகையை; போய்க்கொண்டிருந்தவனும் நான்தான். வழி ஒன்றுதான் இருந்தது. உண்மையான பன்னிரண்டாம் பலகைமேல் ரோண்டா "இந்த இடம் காலி" என்று சொல்ல வேண்டும். தொப்பியைக் காத்தவள் அவள். நான் சொன்னால் செல்லாது. அவளைச் சொல்லவைக்க வேண்டுமானால் தகடு மாற்றிய கதையை அவளிடம் நான் சொல்லியாக வேண்டும். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று கோடை முழுவதும் தள்ளிப்போட்டேன். என் அற்பத்தனத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்ற பயம், காணாமல் போகும் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, புது மைதானத்தில் முதல் ஆட்டம். மத்தியானம் ஒரு மணி. கோடை முடியாத மாதம்தான், ஆனாலும் அன்றைக்கு மழைக்காற்று குளிர்ந்து அடித்தது. எங்கே பார்த்தாலும் கான்கிரீட்டும் கண்ணாடியும். பணக்காரர்களுக்கு ஏசி அறைகள். மரம் மருந்துக்குக்கூட இல்லை. ரோண்டா இரண்டு டிக்கெட்தான் வாங்கியிருந்தாள். பதிமூன்று, பதினாலு. வாழ்க்கையில் முதல்முறையாக மூன்றாவது டிக்கெட் இல்லை.

இருக்கைகள் சினிமா தியேட்டரில் இருப்பதுபோல் மடங்குகிறவை. ஆள் எழுந்தால் ஸ்பிரிங் இழுத்துப் படக்கென்று மேலே மடங்கிவிடும். ரோண்டா அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுல தொப்பி வெக்க முடியாது பாரு. விழுந்துடும்."

அவளாகவே ராய்ஸைப் பற்றிப் பேசினாள், சிரித்துக்கொண்டே. அவள் மனதில் அவன் போய்விட்டான். என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து போர்வையை இரண்டு பேர் மடியிலும் விரித்தாள். அந்த நிமிஷம் எனக்குத் தைரியம் வந்தது.

"ரோண்டா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல எனக்குச் சூடா ஒரு கோகோ வாங்கிக் குடுத்துட்டுச் சொல்லு."

எழுந்தேன். எனக்குப் பின்னால் இருக்கை படக்கென்று மேலே மடங்கியது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கடையில் நீண்ட வரிசை. வரிசையில் நின்று சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். தகட்ட மாத்தினது நான்தான். பொறாமைல பண்ணிட்டேன். மன்னிச்சுரு. வீட்டுக்குப் போனதும் அந்தப் பலகையப் பாத்து ஒரு வார்த்த சொல்லு, போதும். ஏன் இதை ஒன்பது மாதம் சுமந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. திட்டுவாள், பிறகு சிரிப்பாள். அவள் அப்படித்தான்.

இரண்டு கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு படி ஏறும்போது சத்தம் கேட்டது.

தம். தம். தம்.

கான்கிரீட் தரையில் மரப் பலகைச் சத்தம்.

கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வரிசைக்கு வந்தேன். ரோண்டா தெரிந்தாள். பக்கத்தில் பதினாலாம் இருக்கை.

அது மடங்கியிருக்கவில்லை.

கீழே இறங்கியிருந்தது. யாரும் உட்காரவில்லை. ஆனால் கீழே அமுங்கியிருந்தது. போர்வையின் மறுபாதி அதன்மேல், இரண்டு முழங்கால் மடித்த உயரத்தில், காற்றில் நின்றது. ரோண்டா அந்தப் பக்கம் சாய்ந்து எதையோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தைல வாடை மூச்சை அடைத்தது.

"ரோண்டா," என்றேன். "ரோண்டா, தகட்ட மாத்தினது நான்தான். அது ராய்ஸ். அங்க உக்காந்திருக்கறது நான் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷம் என்னைப் பார்த்த அதே பழுப்புக் கண்கள். அவற்றில் நான் இல்லை. முன்பின் தெரியாத கிழவரிடம் காட்டும் மரியாதைச் சிரிப்பு மட்டும் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க," என்றாள், கையை அந்த இருக்கைமேல் வைத்து. "இங்க ஆள் இருக்கு."

பிறகு என் கையில் இருந்த கோப்பைகளைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"ஓ, எங்களுக்கா? ரொம்ப தேங்க்ஸ்ங்க. எவ்வளவு ஆச்சு?"

இரண்டையும் வாங்கிக்கொண்டாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றதைப் பதினாலாம் இருக்கையின் முன்னால் நீட்டினாள்.

அவள் கையை விட்டாள். கோப்பை கீழே விழவில்லை.